பத்து நகத்திலும் ஒரே பள்ளம்

மூன்றாம் நம்பர் கையில்தான் அவள் அதை முதலில் பார்த்தாள்.

காலை ஐந்தே முக்கால் மணி. சுவரில் இடுப்பு உயரத்தில் இருந்த சதுர ஓட்டையின் ரப்பர்த் திரையைத் தள்ளிக்கொண்டு, சோப்பு நுரை முழுதாகப் போகாத இரண்டு கைகள் ஈரம் சொட்டச் சொட்ட உள்ளே வந்து வெள்ளை விளக்கின் அடியில் கவிழ்ந்து படுத்தன. மணிக்கட்டில் மூன்று என்று எழுதிய தகர வில்லை. அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். நகத்தின் நீளம் பார்த்தாள், இடுக்கில் அழுக்குப் பார்த்தாள், கட்டைவிரல் நகத்தை அழுத்திவிட்டு வெளுத்த இடம் மறுபடி சிவக்க எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று பார்த்தாள். எல்லாம் ஒழுங்கு. ஆனால் தோல் முடிந்து நகம் தொடங்குகிற இடத்தில், நூலை வைத்து அழுத்தி எடுத்ததுபோல, குறுக்கே ஒரு பள்ளம் ஓடியது. ஒரு விரலில் இருந்தால் அடிபட்டது என்று விட்டிருப்பாள். பத்து விரலிலும் இருந்தது.

"காய்ச்சல் கீச்சல் வந்துச்சாப்பா?" என்று ஓட்டையைப் பார்த்துக் கேட்டாள். "போன மாசம், அதுக்கு முந்தி?"

அந்தப் பக்கம் தரையில் ரப்பர் பூட்ஸ் நகரும் சளக் சளக் கேட்டது.

"இல்லக்கா."

"சரி."

அவள் வாயிலிருந்து அந்தச் 'சரி' வந்தால்தான் கைக்குரியவன் வெட்டுக்கூடத்துக்குள் போகலாம். அது இறைச்சி வெட்டிப் பெட்டியில் அடைக்கிற தொழிற்சாலை. முழு உடல்கள் கொக்கியில் தொங்கியபடி வரும். குளிரூட்டிய நீளக் கூடத்தில் வரிசையாக நின்று வெட்டுவார்கள். முன்பு இந்த வேலையில் இருந்தவள் முகத்தைப் பார்த்து விட்டுவிடுவாள். சிநேகிதி, பங்காளி, பக்கத்து வீட்டுக்காரன் என்று தாட்சண்யம். ஒரு நாள் யாருடைய நகமோ பிய்ந்து போய் ஒரு பெட்டியில் இருந்தது. அதற்கப்புறம்தான் நிர்வாகம் நடுவில் சுவர் எழுப்பி ஓட்டை வைத்தது. பார்க்கிறவளுக்கு முகம் தெரியக்கூடாது, நம்பர் வரிசைப்படி கை மட்டும் வரவேண்டும். யாரும் உள்ளே புகுந்து சிபாரிசு பேசாதபடி, சோதனை முடியும்வரை அவள் அறைக்கதவை மேஸ்திரி வெளியிலிருந்து தாழ் போட்டுவிடுவார். அறுபத்து நாலு ஜோடிக் கையும் பார்த்து முடித்த பிறகுதான் அந்தத் தாழ் விலகும். தாழ் விழும்போது டக்கென்று ஒரு சத்தம். எட்டு வருஷமாக அவளுடைய நாள் தொடங்குவது அந்தச் சத்தத்தில்தான்.

நகக்காரி என்று பேர் வைத்திருந்தார்கள். அவளுக்கு அதில் வருத்தமில்லை. முதலுதவி அறைக் கம்பவுண்டர் பொழுதுபோகாத மத்தியானங்களில் அவளுக்கு நகம் படிக்கச் சொல்லிக்கொடுத்திருந்தார். நகம் நடுவில் குழிந்து கரண்டி மாதிரி ஆனால் ரத்தம் செத்துக்கொண்டிருக்கிறது என்று சந்தேகப்படு. விரல் நுனி உருண்டு நகம் கவிழ்ந்தால் நெஞ்சையும் நுரையீரலையும் பார்க்கச் சொல். பாதி வெள்ளை பாதி பழுப்பு என்றால் சிறுநீரகம். நீலம் ஓடினால் நிற்காதே, ஓடு. இதை வைத்து அவள் பத்தொன்பதாம் நம்பர்க்காரியைக் காப்பாற்றியிருக்கிறாள். நகம் கரண்டியாகி, அழுத்தினால் சிவப்பே திரும்பாமல் இருந்தவளை, "இன்னிக்கு உன்னை உள்ள விட மாட்டேன், ஆஸ்பத்திரிக்குப் போ" என்று கையைப் பிடித்துக்கொண்டு விடாமல் துரத்தினாள். இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றி, கர்ப்பப்பைக் கட்டியை எடுத்து அனுப்பினார்கள். திரும்பி வந்த அன்று பத்தொன்பதின் கைகள் ஓட்டைக்குள் வந்து இவள் இரண்டு கைகளையும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டன. முகம் தெரியாத கைகள் அழுததை அவள் அன்றுதான் பார்த்தாள்.

குறுக்குப் பள்ளத்துக்கும் கம்பவுண்டர் கணக்குச் சொல்லியிருந்தார். "உடம்புக்கு உசுர் போற மாதிரி ஒண்ணு நடந்தா நகம் வளர்றதை நிறுத்திடும்மா. கடும் காய்ச்சல், விஷம், பெரிய விபத்து, ஏதோ ஒண்ணு. பொழைச்சு எழுந்தப்புறம் மறுபடி வளரும். நின்ன இடம் பள்ளமா தங்கிடும். ஆனா உடனே தெரியாது. தோலுக்கு அடியில அஞ்சாறு வாரம் ஒளிஞ்சிருந்துட்டு அப்புறம்தான் எட்டிப் பாக்கும்."

நாலாம் நம்பர் வந்தது. பள்ளம். ஐந்து. பள்ளம். ஆறு ஒரு பெண்ணின் கை, அவளுக்கும். நாற்பத்தொன்று எப்போதும் வாயாடி. "என்னக்கா, கையை விடவே மாட்டேங்குற? வீட்டுல சொல்லி அனுப்பட்டுமா?" என்று கேட்டு வரிசையில் சிரிப்பு மூட்டினான். அந்தக் கையிலும் பத்து விரலில் பத்துப் பள்ளம். அவள் சிரிக்கவில்லை. இரும்பு அளவுகோலை எடுத்து வைத்துப் பார்த்தாள். எல்லாக் கையிலும் பள்ளம் தோலிலிருந்து அப்போதுதான் எட்டிப் பார்த்தது, ஒரே தூரத்தில். முன்னே பின்னே ஒரு மயிரிழை.

அந்த வாரம் முடிவதற்குள் அறுபத்து நாலில் அறுபத்தொன்றுக்கு வந்துவிட்டது. வராத மூன்று பேர் ஒரு மாதம் முன்பு புதிதாகச் சேர்ந்தவர்கள். மத்தியான ஷிப்டையும் அவள்தான் பார்ப்பாள். அவர்களில் ஒருவருக்கும் இல்லை. அவள் தன் நகங்களை விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வழுவழுவென்றிருந்தன.

நாள்காட்டியைப் பின்னோக்கிப் புரட்டினாள். ஐந்து வாரம், ஆறு வாரம். விரல் போய் நின்ற இடத்தில் ஒரு வியாழக்கிழமை இருந்தது. அக்காளின் கண் ஆபரேஷனுக்கென்று அவள் மூன்று நாள் லீவு எடுத்திருந்த வாரம். திரும்பி வந்தபோது காலை ஷிப்டு மொத்தத்துக்கும் கண் சிவந்து, ஆளுக்கு ஆள் இருமிக்கொண்டிருந்தார்கள். கண்நோய், எல்லாருக்கும் ஒட்டிக்கொண்டது என்றார்கள். அப்போது அவள் அதைக் காதில் வாங்கும் நிலையில் இல்லை. அந்த வியாழக்கிழமைதான் அவள் புருஷன் வீட்டைவிட்டுப் போயிருந்தார்.

அவர் அதே தொழிற்சாலையில் குளிர்மெஷின் ஓட்டுகிறவர். மேஸ்திரியும், கூடவே தலையைக் குனிந்துகொண்டு அவள் கொழுந்தனும் வந்து சொன்னார்கள்: பேக்கிங்கில் இருந்து நின்றுபோன ஒருத்தியோடு பஸ் ஏறிவிட்டார் என்று. கேட்டதும் அவளுக்கு முதலில் கோபம். கடைசியில் வெட்கம். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? ஆனால் ஊர் வாய் திறக்கவேயில்லை என்பது இப்போதுதான் அவளுக்கு உறைத்தது. ஒருத்தரும் ஏளனம் பேசவில்லை. அந்த ஆறு வாரமும் ஓட்டைக்குள் வந்த கைகள் அத்தனை மரியாதையாக வந்தன. சில கைகள் போகும்போது அவள் விரலை மெல்ல அழுத்திவிட்டுக்கூடப் போயின. பரிதாபம் என்று நினைத்திருந்தாள்.

மத்தியானம் முதலுதவி அறைக்குப் போனாள். பினாயில் நாற்றமும் பழைய பஞ்சின் நாற்றமும். கம்பவுண்டர் ரப்பர்க் கையுறை போட்டுக்கொண்டு கத்தரிக்கோல் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அறுபத்தொரு பேருக்கு ஒரே நாள்ல என்ன வந்துச்சு?"

"வைரஸ் ஜுரம்மா. ஊர்பூரா இருந்துச்சே."

"ஒரே நாள்லயா? மத்தியான ஷிப்டை மட்டும் விட்டுட்டா?"

அவர் கத்தரிக்கோலைத் துடைத்த இடத்திலேயே துடைத்தார். வெயில் காலம். வேலையில்லாத நேரம். இந்த மனுஷன் எப்போதும் வெறுங்கையோடு பேப்பர் படிக்கிறவர். அவள் எட்டி அவர் இடது கையைப் பிடித்தாள். அவர் இழுத்துக்கொள்வதற்குள் கையுறை பாம்புச் சட்டை மாதிரி உரிந்து வந்துவிட்டது. வியர்வையில் ஊறி வெளுத்த அஞ்சு விரல். அஞ்சு பள்ளம்.

கம்பவுண்டர் கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார், ஏதோ அம்மணமாக நிற்பதுபோல.

"நகம் பாக்கத்தாம்மா உனக்குச் சம்பளம்," என்றார். "படிக்கறதுக்கு இல்ல. நான்தான் தப்புப் பண்ணிட்டேன், உனக்குச் சொல்லிக்கொடுத்து. பேசாம போ."

அவள் வெளியே வந்தபோது மேஸ்திரி நடையில் சுவரோரம் நின்றிருந்தார். "என்னம்மா, தலைவலியா?" என்று கேட்டார். கேட்டுவிட்டு அவள் போகிறவரை பார்த்துக்கொண்டே நின்றார்.

அன்று சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரையில் கல் கொட்டுவதுபோல் சத்தம். வீட்டில் அவளும் கொழுந்தனும் மட்டும்தான். கல்யாணமாகாதவன், அண்ணனோடு நகமும் சதையுமாக வளர்ந்தவன். அவள் கல்யாணமாகி வந்தபோது அவனுக்குப் பத்து வயசு. வெட்டுக்கூடத்தில் பதினேழாம் நம்பர். தட்டில் போட்ட சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான், வாயில் வைக்கவில்லை. மஞ்சள் விளக்கு அவன் கையின் மேல் நேராக விழுந்தது.

பள்ளம் அவனுக்கும் இருந்தது; அதை அவள் வேலையிடத்திலேயே பார்த்துவிட்டாள். இப்போது அவள் பார்த்தது வலது கட்டைவிரலை. நகம் கறுத்து, நடுவில் பிளந்து, ஒரு பாதி கழன்று சதையைவிட்டுத் தூக்கிக்கொண்டு நின்றது. கொக்கி குத்திவிட்டது என்று அந்த வாரமே சொல்லியிருந்தான். அவளே மருந்து போட்டாள். வீக்கத்திலும் ரத்தத்திலும் அப்போது அதன் வடிவம் அவளுக்குத் தெரியவில்லை; நேற்றுவரை கட்டும் இருந்தது. இப்போது காயம் ஆறி, தழும்பு வெள்ளையாக மேலே வந்திருந்தது. கட்டைவிரலைச் சுற்றி அரைவட்டம். வரிசையாகச் சின்னச் சின்னக் கோடுகள். நடுவில் ஓர் இடம் மட்டும் தழும்பில்லாமல், தோல் சுத்தமாக.

அவள் புருஷனுக்கு மேல்வரிசையில் முன்பல் ஒன்று கிடையாது. ஸ்பேனர் வழுக்கி அடித்ததில் போனது. அந்தச் சந்து வழியாகத்தான் விசில் அடிப்பார். உஸ்ஸென்று காற்றோடு வரும், தெருமுனையிலிருந்தே கேட்கும்.

"தம்பி," என்றாள். "கொக்கிக்கு ஓட்டைப் பல்லு உண்டா?"

அவன் கை தட்டில் அப்படியே நின்றது.

மழை கொட்டியது. எங்கோ கூரை ஒழுகி ஒரு பாத்திரத்தில் டொக் டொக் என்று விழுந்தது. அவன் அழத் தொடங்கினான், சோற்றுக்கையை எடுக்காமலே.

"கேஸு அண்ணி," என்றான். "குளிர்மெஷின் கேஸு. கூடத்துக்குள்ள குழாய் வெடிச்சுடுச்சு. உள்ள நாங்க அறுபத்தொரு பேரு. அண்ணன் ஓடிவந்து பெரிய கதவை இழுத்து மூடிட்டாரு. சட்டம் அப்படித்தானே, சுவத்துல எழுதிப் போட்டிருக்கே, முதல்ல கதவை மூடுன்னு. நாங்க பின்கதவு வழியா வெளிய போயிட்டோம்னு நெனைச்சிருக்காரு. பின்கதவை மேஸ்திரி பூட்டி வச்சிருந்தாரு அண்ணி, கறி திருட்டுப் போகுதுன்னு. அண்ணனுக்குத் தெரியாது."

"எவ்வளவு நேரம்?"

"பதினோரு நிமிஷம். கண்ணு எரியுது, தொண்டை எரியுது, மூச்சு இழுத்தா நெஞ்சுக்குள்ள நெருப்பு. ஒருத்தர் மேல ஒருத்தர் ஏறி மிதிச்சோம். கம்பவுண்டர் பின்பக்கக் கண்ணாடிய ஒடைச்சு உள்ள வந்து அவரும் விழுந்துட்டாரு. நாங்க கதவை இடிச்ச சத்தம் கேட்டு அண்ணன்தான் தொறந்தாரு. அவரேதான் தொறந்தாரு."

அவன் மூக்கை முழங்கையால் துடைத்தான்.

"எல்லார் கையிலயும் கத்தி இருந்துச்சு. யாருக்கும் கண்ணு தெரியல. நீதானேடா மூடின, நீதானேடா மூடினன்னு ஒரே கத்தல். முதல் வெட்டு யாருதுன்னு இன்னிக்கும் யாருக்கும் தெரியாது அண்ணி. வயித்துல. அப்புறம் தோள்ல, முகத்துல. அவரு கீழ விழுந்தும் சாகல. முழங்கையை ஊனி ஊனி நகர்ந்தாரு. அப்பத்தான் மேஸ்திரி வந்தாரு. இவன் பொழைச்சா நாம எல்லாரும் உள்ள போவோம், ஒருத்தன் செஞ்சா நாளைக்கு ஒருத்தன் சொல்லுவான், அதனால எல்லாரும் ஒரு கை வைங்க, ஒருத்தர் விடாமன்னாரு. வரிசையா நிக்க வச்சாரு. நம்பர்படி."

"நீ?"

"கூடப் பொறந்தவன் முதல்லன்னாரு." அவன் குரல் கீழே போய்விட்டது. "அவரு கத்தினாரு அண்ணி. உங்க பேரைச் சொல்லிக் கத்தினாரு. வாயைப் பொத்துடான்னாங்க. பொத்தினேன்."

அவள் அந்தக் கட்டைவிரலையே பார்த்தாள். கழன்ற நகத்தின் அடியில் புது நகம் நெளிந்து வளர்ந்துகொண்டிருந்தது.

"உடம்பு எங்க?"

"கழிவை உருக்கற கொப்பரை அன்னிக்கு மறுநாள் காலைவரைக்கும் எரிஞ்சுது."

அவள் எழுந்து போய்ச் சுவரோரம் வாந்தி எடுத்தாள். பிறகு வாயைக் கொப்பளித்தாள். புடவை மாற்றிக்கொண்டு போலீசுக்குப் போவதாகச் சொன்னாள். அவன் காலில் விழுந்தான். இந்த மழையில் போனால் தெருமுனை தாண்ட மாட்டீர்கள், மேஸ்திரி வீடு வழியில்தான், கம்பவுண்டர் அவரிடம் எல்லாம் சொல்லிவிட்டார் என்றான். "நாளைக்கு வழக்கம்போல வாங்க அண்ணி. வரலைன்னாத்தான் சந்தேகம். நான் முன்னாடி போய்ப் பேசறேன். அண்ணிக்குத் தெரிஞ்சுபோச்சு, ஆனா வாயைத் திறக்க மாட்டாங்கன்னு சொல்றேன். சம்பளத்தை வாங்கிட்டு ரெண்டு பேரும் வேற ஊருக்குப் போயிடலாம். அங்க போய்ப் புகார் குடுங்க. நானே சாட்சி சொல்றேன். அண்ணன்மேல சத்தியம்."

அவள் அவன் தலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பத்து வயசில் இந்தத் தலைக்குத்தான் அவள் எண்ணெய் வைத்துவிட்டாள். கொன்றவன். இருக்கிற ஒரே சாட்சி. இருக்கிற ஒரே சொந்தம். மூன்றும் ஒரே ஆளாக அவள் காலைப் பிடித்துக்கொண்டு கிடந்தது.

"சரி," என்றாள். பழகிய வாய்.

விடியும்போது மழை விட்டிருந்தது. அவன் முன்பே போய்விட்டான். அவள் போய் அறைக்குள் உட்கார்ந்தாள். விளக்கைப் போட்டாள். அளவுகோலை எடுத்து வைத்தாள். வெளியே மேஸ்திரியின் செருப்புச் சத்தம் வந்து நின்றது.

டக்.

அந்தத் தாழ்ச் சத்தத்தை எட்டு வருஷத்தில் முதன்முறையாக அவள் முழுசாகக் கேட்டாள்.

ஒன்றாம் நம்பர் வந்தது. பார்த்தாள். சரி. இரண்டு. சரி. மூன்று. வரிசையில் இருமல் இல்லை, பேச்சு இல்லை, நாற்பத்தொன்றின் கேலி இல்லை. பூட்ஸ் நகரும் சத்தம் மட்டும், அதுவும் மெதுவாக. குழாயடியில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. வழக்கத்தைவிட நெடுநேரம் கழுவிக்கொண்டிருந்தார்கள். கைகள் ஜில்லென்று வந்தன. அவள் தொட்டதும் விறைத்தன.

ஒன்பதாம் நம்பரின் மோதிரவிரல் நகத்தின் அடியில் மெல்லிய சிவப்புப் பிறை.

அவள் குனிந்து பார்த்தாள். ரத்தம். ஈரமான ரத்தம். இறைச்சிக் கூடத்தில் நகத்தடியில் ரத்தம் இருப்பது ஓர் அதிசயமா? ஆனால் ஷிப்டு இன்னும் தொடங்கவில்லை. கொக்கியில் இன்னும் ஒன்றும் ஏறவில்லை.

"கழுவிட்டு வா," என்று சொல்ல வாயெடுத்தாள். வரவில்லை.

"சரி."

பன்னிரண்டில் விரல் முட்டியில் புதுச் சிராய்ப்பு. பதினாலில் மணிக்கட்டோரம் நகக் கீறல், நாலு கோடு. யாரோ பிடித்து இழுத்த கீறல். பதினாறின் கைகளை அவள் விடவில்லை. "யாரு?" என்று உதட்டால் மட்டும் கேட்டாள். முகமில்லாத கைக்கு உதடு எப்படித் தெரியும்? கைகள் உருவிக்கொண்டு போயின.

அடுத்தது பதினேழு.

ரப்பர்த் திரை அசையவில்லை.

அவள் காத்திருந்தாள். வெள்ளை விளக்கு ஙொய் என்றது. திரையின் அடிவிளிம்பிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தது. இன்னொன்று.

"தம்பி?"

அந்தப் பக்கம் யாரோ மூச்சுவிட்டார்கள். ஒருவர் இல்லை. நிறைய பேர்.

"அக்கா." பெண் குரல். எங்கே கேட்டாலும் அவளுக்குத் தெரிந்த குரல். பத்தொன்பது. "என் உசுரைக் காப்பாத்தினவ நீ. உன்னை ஒண்ணும் செய்யக்கூடாதுன்னு நான்தான் எல்லார்கிட்டயும் கெஞ்சினேன். கையை மட்டும் நீட்டுக்கா."

"எதுக்குடி?"

"எல்லாரும் வச்சோம். நீ ஒருத்திதான் வைக்கல."

அவள் எழுந்து கதவை இடித்தாள். இரும்புக் கதவு. தாழ் அசையவில்லை. கதவின் கீழ்ச்சந்து வழியாக ஒரு குழாய்முனை மெல்ல உள்ளே நீண்டு வந்தது.

"உன் ரூம் சின்னதும்மா," என்றார் மேஸ்திரி, கதவுக்கு அந்தப் பக்கம், சாவதானமாக. "பதினோரு நிமிஷமெல்லாம் தாங்காது."

உஸ்ஸ்ஸ்.

ஓட்டைப் பல் வழியாக வரும் விசில். தெருமுனையிலிருந்தே கேட்கும் விசில். ஒரு கணம் அவர்தான் வந்துவிட்டார் என்றே அவள் உடம்பு நம்பியது. பிறகு மூக்கில் ஏறியது. கண்ணில் ஊசி. தொண்டையில் நெருப்பு. நாற்காலியோடு விழுந்தாள். தரையில் தவழ்ந்தாள். மூச்சு இல்லை. ஓட்டை ஒன்றுதான் வெளிச்சமாகத் தெரிந்தது. ரப்பர்த் திரைக்கு அந்தப் பக்கம் காற்று இருந்தது.

கையை நீட்டினாள்.

விசில் நின்றது.

முழங்கைவரை அந்தப் பக்கம். இந்தப் பக்கம் இருமிக்கொண்டு, கண்ணீர் வழிய, சுவரில் கன்னம் அழுந்த அவள். அவளுடைய கையை ஒரு கை பிடித்தது. இன்னொன்று. மூன்று, நாலு, ஆறு. எல்லாம் அவள் அறிந்த கைகள். எட்டு வருஷமாகத் தினமும் தொட்ட கைகள். உள்ளங்கையில் வழவழப்பான மரப்பிடி வந்து உட்கார்ந்தது. அவள் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி அதன்மேல் பூட்டினார்கள். அன்பாக.

"வேண்டாம்டீ. வேண்டாம்."

"ஒரே தடவைதான்க்கா."

தள்ளினார்கள்.

துணி. அப்புறம் துணியைவிடக் கெட்டியான ஒன்று. அப்புறம் கெட்டியே இல்லை. எலும்போரம் உரசிக்கொண்டு கத்தி இறங்குவது மணிக்கட்டில் தெரிந்தது. சூடு கொட்டியது, முழங்கைவரை ஓடி, திரையின் விளிம்பைத் தாண்டி, அவள் பக்கம் வந்து மேசையில் சொட்டியது. யாரோ கத்தப் பார்த்தார்கள். பொத்திய வாய்க்குள்ளிருந்து வரும் சத்தம். ம்ம்ம் என்று. நீளமாக.

ஒரு கை அவள் மணிக்கட்டைப் பற்றியது. மற்ற கைகள்போல இல்லை. பிடித்துக்கொள்ள வந்த கை. அதன் கட்டைவிரல் அவள் தோலை உரசியது.

பிளந்த நகம். பாதி கழன்று, தூக்கிக்கொண்டு நிற்கும் நகம்.

அவள் அலறினாள். அலறலை இருமல் தின்றது. கையை இழுத்தாள். விடவில்லை. இன்னொரு முறை தள்ளினார்கள். ஒரே தடவை என்றார்கள். இன்னொரு முறை.

அப்புறம் விட்டார்கள்.

அவள் கை அவளிடம் திரும்பி வந்தது, சிவப்பாக, யாருடையதோபோல. அவள் அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. தண்ணீர் ஓடும் சத்தம். கழுவுகிறார்கள்.

திரை விலகியது.

ஒரு கை உள்ளே வந்தது. யாரோ பின்னாலிருந்து தள்ளித் தள்ளி வைத்தார்கள். விளக்கடியில் கவிழ்ந்து படுத்தது. கழுவியிருந்தது. சோப்பு மணத்தது. தகர வில்லையில் பதினேழு.

அவள் விரல்களைப் பிரித்தாள். நீளம் பார்த்தாள். இடுக்குப் பார்த்தாள். எட்டு வருஷமாகப் பழகிய வேலை தானாக ஓடியது. குறுக்கே பள்ளம். நகமெல்லாம் நீலம். கட்டைவிரலின் ஒட்டியிருந்த பாதி நகத்தை மெல்ல அழுத்தினாள். வெளுத்தது. விரலை எடுத்தாள்.

ஒன்று. இரண்டு. மூன்று.

சிவக்கவில்லை.

மறுபடி அழுத்தினாள். நாலு. ஐந்து. வெளுத்தது வெளுத்தபடியே இருந்தது. "தம்பி," என்றாள். இன்னொரு முறை அழுத்தினாள். அந்தப் பக்கத்திலிருந்து யாரோ இழுக்க, கை பின்னோக்கிப் போனது. ஐந்து விரலும் மேசையில் கோடு போட்டுக்கொண்டே போயின. திரை விழுந்து ஆடியது.

ஆடி நின்றது.

பிறகு மறுபடி விலகியது. இரண்டு கைகள். சுத்தமாக, ஈரம் சொட்ட, ஒழுங்காகக் கவிழ்ந்து விளக்கடியில் படுத்து, அவளுடைய 'சரி'க்காகக் காத்திருந்தன. தகர வில்லையில் பதினெட்டு. அதன் பின்னால், தரையில் பூட்ஸ் ஓர் அடி நகர்ந்தது. வரிசையில் இன்னும் நாற்பத்தாறு ஜோடி.